அண்ணி பேர் எழுதிய டப்பா

வயிற்றுக்குள்ளே கிருமிகள் கோடிக்கணக்கில் குடித்தனம் நடத்துகின்றன, அவற்றில் பலவும் நமக்கு நன்மை செய்பவை, அவற்றைப் பட்டினி போடாதீர்கள் என்று இப்போது வாரப் பத்திரிகையில் படம் போட்டு எழுதுகிறார்கள். தயிர் விளம்பரத்தில்கூட அதைத்தான் சொல்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழுதியவர் மேல் இல்லை. ஆடி அசைந்து, இத்தனை தாமதமாக வந்து சேர்ந்த அந்தச் சங்கதியின் மேல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது அடி அண்ணாமலை. மலை சுற்ற வருகிறவர்கள், கால் வலிக்க ஆரம்பிக்கும்போது எங்கள் ஊரைக் கடப்பார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்த ஐம்பதுகளில் எங்களுக்குத் தெரிந்த வயிற்று நோய் ஒன்றுதான், வாந்திபேதி. வந்தால் ஒரே நாளில் ஆளை முடித்துவிட்டுப் போய்விடும். கார்த்திகைத் தீபத்துக்குச் சனம் குவியும்போது, பஸ் நிற்கிற இடத்திலும் ரயிலடியிலும் சுகாதார இலாகா ஆட்கள் மேஜை போட்டு ஊசியும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். குத்திக்கொண்டால்தான் டவுனுக்குள் விடுவார்கள். ஊசிக்குப் பயந்தவர்கள் முன்னாலேயே இறங்கி, கொல்லை வழியாக நடந்து எங்கள் ஊர்ப் பக்கமாக வந்து சேருவார்கள். வந்தவர்கள் எங்கள் குளத்தில்தான் கால் கழுவுவார்கள், வாய் கொப்பளிப்பார்கள், மற்றதும் செய்வார்கள். தீபம் முடிந்ததும் எங்கள் தெருவில் யாராவது படுப்பார்கள். அந்த ஊசியால் பெரிய பிரயோஜனம் இல்லை என்று பின்னாளில் டாக்டர்களே சொன்னார்கள். எத்தனை கை வீங்கியது, எத்தனை பேர் ஓடி ஒளிந்தார்கள், எல்லாம் வீண்!

வயிறு போனால் எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம், வயிற்றைக் காயப்போடுவது. சோறு கூடாது, கஞ்சி கூடாது, முக்கியமாகத் தண்ணீர் கூடாது. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது அம்மாவின் கணக்கு. அப்பா போன பிறகு குடும்பத்தை இழுத்து நிறுத்தியவள் அவள். அவள் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் வேறு மாதிரி ஒரு கழிச்சல் வந்தது. இது ஆளை ஒரே நாளில் முடிக்காது. மாதக்கணக்கில் கூடவே குடியிருக்கும். தின்றது ஒன்றும் உடம்பில் ஒட்டாது. நாக்கு வெந்துபோகும், முடி கொட்டும், கடைசியில் கால் வீங்கும். கிராணி என்று நாட்டு வைத்தியர் சொன்னார். பெரிய பேதி போலப் பயமுறுத்தாததால் இதை யாரும் நோயாகவே மதிக்கவில்லை. சாகிற வரைக்கும் வேலை செய்யவைக்கிற நோய்க்கு யார் மரியாதை கொடுப்பார்கள்?

என் அண்ணனுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று வருஷம் இருக்கும். அண்ணி செங்கம் பக்கத்துப் பெண். சத்தமாகச் சிரிப்பாள். மாமியார் இருக்கிற வீட்டில் மருமகள் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. சாப்பாட்டில் கொள்ளைப் பிரியம். மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, மணலில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் மடியில் கட்டிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற சாக்கில் போய்த் தின்றுவிட்டு வருவாள். எனக்கும் பாதி தருவாள். "உங்கம்மா கேட்டா எலி தின்னுட்ச்சினு சொல்லு கண்ணு" என்பாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். "அந்த எலிக்கு வளையல் சத்தம் ஜாஸ்தி" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். குழந்தை ஒன்றுதான் இன்னும் உண்டாகவில்லை. அதைப் பற்றித் தெருவில் ஜாடையாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அண்ணிக்கு அந்தக் கழிச்சல் கண்டபோது முதலில் தெரிந்தது எனக்குத்தான். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கக்கூஸ் ஏது? பெண்பிள்ளைகள் விடிவதற்கு முன்னால் ஒரு தரம், இருட்டிய பிறகு ஒரு தரம், துணையோடு கொல்லைப் பக்கம் போய்வருவோம். நடுப்பகலில் வயிறு கலக்கினால் அவ்வளவுதான். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை, முழங்கால் உயரம்கூட இல்லாத செடி. கரும்புத் தோட்டம் வரைக்கும் ஓட வேண்டும். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். அவள் உள்ளே உட்கார்ந்திருக்க நான் வரப்பில் நின்று ஆள் வருகிறதா என்று பார்ப்பேன். திரும்பும்போது அவள் முகம் வெளுத்திருக்கும். ஆனால் வீட்டை நெருங்கும்போது முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, ஏதாவது கதை பேசிச் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைவாள்.

"அத்தகிட்ட சொல்லிடாத கண்ணு. நோவுக்காரினு அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாங்கனா எங்கம்மா தாங்காது" என்று ஒரு நாள் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் பயம் வீண் பயம் இல்லை. பக்கத்துத் தெருவில் அப்படித்தான் ஒருத்தியை உடம்பு தேறட்டும் என்று பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் தேறுவதற்குள் இங்கே வேறொருத்தி அவள் அடுப்பில் சோறாக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லாதவளுக்கு நோயும் வந்தால் என்ன கதி என்று அண்ணிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவளுக்கு அந்த வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் அண்ணன் மேல் அவளுக்கு உயிர்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. நாக்கு எரிகிறது என்று அண்ணி குழம்பைத் தொடாமல் மோரையே ஊற்றிக்கொண்டதை அம்மா கவனித்துவிட்டாள். திட்டவில்லை. மறுநாள் முதல் குழம்பில் காரத்தைக் கம்மியாகப் போட்டாள். வெளியே மட்டும் மூச்சு விடவில்லை. தெருவின் வாய்க்கு அவளும் பயந்தவள்தான்.

இந்த நிலைமையில்தான் ஜீப் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர், ஒரு நர்சம்மா, கூட இரண்டு ஆட்கள். பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேஜை போட்டார்கள். டாக்டருக்குச் சின்ன வயது, தமிழ்க்காரர்தான். ஊர்ச் சனத்தைக் கூட்டி வைத்து ரொம்பப் பணிவாகப் பேசினார்.

"உங்க பக்கம் ஒரு கழிச்சல் நோய் சுத்துதுங்க. எதனால வருதுனு எங்களுக்கே தெரியல. தண்ணியா, சாப்பாடா, ஏதாவது கிருமியா, ஒண்ணும் புரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கோம். நோய் இருக்கறவங்க, இல்லாதவங்க, எல்லாருமே ஒத்தாசை பண்ணணும்."

அம்மா என் காதில், "தெரியாதவரு இன்னாத்துக்குடி டாக்டரு?" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். இப்போது யோசித்தால் எங்களிடம் அத்தனை நேர்மையாகப் பேசிய படித்த மனுஷர் அதற்கு முன்னால் யாரும் இல்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டதற்காகவே அவருக்கு எங்கள் ஊரில் மதிப்புக் குறைந்தது.

ஒத்தாசை என்ன என்பது பிறகுதான் தெரிந்தது. வீடு வீடாகப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் மூடி போட்ட தகர டப்பா கொடுத்தார்கள். டப்பாவின் மேல் பேர் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. இத்தனை நாள் தொடர்ந்து வெளிக்குப் போவதை அதில் பிடித்து வைக்க வேண்டும், காலையில் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார். அன்றைக்கு எங்கள் தெரு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "இத சீமைக்கு அனுப்புவாங்களாம்யா!" என்றான் ஒருத்தன். "ஏன், அங்க பஞ்சமா?" என்றான் இன்னொருத்தன். செய்வினை வைக்கத்தான் கேட்கிறார்கள் என்று ஒரு கிழவர் டப்பாவைக் குளத்தில் எறிந்துவிட்டு வந்தார்.

எங்கள் வீட்டில் அம்மாவும் அண்ணனும் அண்ணியும் ஆளுக்கு ஒரு டப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. தன் கழிச்சலை ஒரு அந்நிய ஆம்பளை கையில் கொடுப்பதா? கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடாதா? அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

"மண்டிக்காரனுக்கு நெல்லு காட்டறப்ப பதரையா அள்ளிக் காட்டறோம்? நல்லதா பாத்துத்தான காட்டறோம்? இவ்ளோ தூரம் ஜீப்பு போட்டுக்கினு வந்து கேக்கறாரு. கெட்டதையா குடுக்கறது? மரியாதையா இருக்குமா? நீயே அவ டப்பாவுலயும் குடுத்துடு."

கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அது எங்களுக்கு முழுக்க முழுக்க நியாயமாகப் பட்டது. விருந்தாளிக்கு நல்ல வாழை இலை, மண்டிக்கு நல்ல நெல், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நல்ல புடவை. கேட்டவர் யாராக இருந்தாலும் இருப்பதில் நல்லதைக் கொடுப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பழக்கம். கெட்டதைத்தான் தேடி வந்திருக்கிறேன் என்று அந்த டாக்டரும் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருப்போமா என்பது வேறு விஷயம்.

என் அண்ணன் வயிறு ஊர் அறிந்த வயிறு. கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்பார்கள். அண்ணன் தன் டப்பாவையும் நிரப்பினான், அண்ணியின் டப்பாவையும் நிரப்பினான். விஷயம் தெருவில் கசிந்தது. எங்கள் அம்மா செய்தால் தப்பாக இருக்காது என்று மற்ற வீடுகளிலும் அதே ஏற்பாடு. நோய்ப்பட்டவர்கள் டப்பாவில் எல்லாம் வீட்டிலேயே திடகாத்திரமான ஆள் யாரோ அவர் கைங்கரியம். ஆம்பளை இல்லாத இரண்டு வீட்டுக்கு என் அண்ணனே போய்வந்தான் என்று பேச்சு. "நம்ம தெருவுக்கே அவன்தான்யா படியளக்கறான்" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். அவனும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தான். அண்ணிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

நர்சம்மா வீட்டுக்கு வந்து விசாரித்தபோது அண்ணி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அப்போது அவள் கொஞ்சம் இளைத்திருந்தாள், அவ்வளவுதான். நாள் பூரா வேலை செய்கிற பெண்கள் எல்லாருமே அப்படித்தான் இருந்தோம்.

"வயித்தால போவுதாம்மா?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் கெடையாதுங்க. அண்ணாமலையார் புண்ணியத்துல எல்லாம் நல்லா இருக்கோம்."

நர்சம்மா எழுதிக்கொண்டாள். அண்ணிக்குப் பின்னால் கதவோரம் நான் நின்றிருந்தேன். கல்யாணமாகாத பெண்ணிடம் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

சில வாரம் கழித்து நர்சம்மா திரும்ப வந்தாள். எங்கள் தெரு நோயாளிகளில் உண்மையாகவே தன் டப்பாவைத் தானே நிரப்பிக் கொடுத்தவர்கள் ஓரிருவர் இருந்தார்கள். அவர்களுக்கு மஞ்சள் மாத்திரையும் ஏதோ குப்பியும் கொடுத்தாள். எங்கள் வீட்டு வாசலில் நின்று அண்ணியைக் கூப்பிட்டு, சிரித்த முகமாகச் சொன்னாள். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. சாப்பிடறதெல்லாம் உடம்புல நல்லா சேருது. நல்லா இருக்கீங்க."

இனிமேல் நடந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு மண்டை காய்கிறது. அந்த டப்பாவில் இருந்தது யாருடையது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நிரப்பினவனுக்குத் தெரியும், நிரப்பச் சொன்னவளுக்குத் தெரியும், பேருக்கு உரியவளுக்குத் தெரியும். இருந்தும் அந்த வார்த்தையை எல்லாரும் நம்பினார்கள்! ஆஸ்பத்திரி வாயால் வந்துவிட்டதல்லவா, சந்நிதியில் பூ விழுந்த மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். "பாத்தியா, நான் அப்பவே சொன்னன். கண்ணுதான் பட்டிருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்று அண்ணிக்குத் திருஷ்டி கழித்தாள். அண்ணி இரண்டு தம்ளர் பாயசம் குடித்தாள். இருட்டியதும் என்னைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

"நல்லா இருக்கேனாம் கண்ணு" என்றாள், வரப்பில் தடுமாறி நடந்துகொண்டே. "உங்கண்ணன் வயிறு எனக்காக வாக்கு சொல்லிட்ச்சி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஆனாலும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இனிமேல் அவளை யாரும் நோவுக்காரி என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

ஆனால் நல்லா இருக்கிற மருமகள் நாற்று நட வர வேண்டும் அல்லவா? வந்தாள். நடவு வயலில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, போக இடம் இல்லாமல் அவள் பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை. கூட நட்ட பெண்கள் மூக்கைச் சுளித்தார்கள். அம்மா கோபமாக, "டாக்டரே ஒண்ணுமில்லனு சொன்னப்புறம் இன்னாடி உனக்கு?" என்று கேட்டாள். முன்பு காரத்தைக் குறைத்துப் போட்ட அதே அம்மாதான். ஆஸ்பத்திரி சொல்வதற்கு முன்னால் நோயைக் கண்ணால் பார்த்தவள், சொன்ன பிறகு பார்க்காமல் போனாள்.

டாக்டர் கூட்டம் எங்கள் ஊரில் நோய் கம்மி என்று முடிவு கட்டி, சாமானைக் கட்டிக்கொண்டு கிழக்கே வேறொரு கிராமத்துக்குப் போய்விட்டது. அந்த ஊர்க்காரர்கள் எங்களைப் போல மரியாதை தெரிந்தவர்கள் இல்லை. கேட்டதை அப்படியே கொடுத்தார்கள். அங்கே மஞ்சள் மாத்திரை தின்றவர்கள் தேறி எழுந்து நடப்பதாக அண்ணியின் சித்தி சந்தையில் பார்த்தபோது சொன்னாள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி அண்ணனிடம் கேட்டதை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன்.

"அந்த மாத்தர நாலு வாங்கியாந்து குடேன்."

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போயி கேக்கறது? நல்லா இருக்கறவளுக்கு மாத்தர எதுக்குனு கேட்டா இன்னா சொல்றது? டப்பா சங்கதி வெளிய வந்துடும். ஊரே மாட்டிக்கும்."

"சரி வுடு" என்றாள் அண்ணி.

என் அண்ணன் கொடுமைக்காரன் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் நான் பாவம் செய்தவளாவேன். அவன் வெட்கப்பட்டான், அவ்வளவுதான். ஒரு டாக்டரை ஏமாற்றியது தெரிந்துபோகுமே என்ற வெட்கம். அந்த வெட்கம் வடிய எவ்வளவு நாளாயிற்றோ, அதற்குள் அண்ணியின் கால் வீங்கிவிட்டது. பாதத்தில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

பொழுது சாய்ந்து திரும்பி வந்தான். கிழக்கே அந்த ஊரிலும் முகாம் முடிந்து ஜீப் போய்விட்டிருந்தது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்களாம். இதை எங்களிடம் பின்னால்தான் சொன்னான். அண்ணி பாயில் படுத்தபடியே, "கெடச்சுதா?" என்று கேட்டாள்.

"நாளைக்கி வரச் சொல்லிக்கிறாங்க" என்றான்.

நாளைக்கு டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டலாம் என்று பேச்சு நடந்தது. அன்று இரவே கழிச்சல் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. அண்ணி தண்ணீர் கேட்டாள். அம்மா கொடுக்க விடவில்லை. ஈரத் துணியால் உதட்டை மட்டும் நனைத்தாள். குடித்தால் இன்னும் போகும் என்று அவள் மனசார நம்பினாள். அழுதுகொண்டேதான் மறுத்தாள். சொம்பு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. வண்டி கட்ட வேண்டியிருக்கவில்லை. பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவள் தனக்கென்று வறுக்க எடுத்துவைத்த மல்லாட்டை பானையில் அப்படியே கிடந்தது.

வருஷம் திரும்புவதற்குள் அண்ணனுக்கு வேறு பெண் பார்த்துக் கல்யாணம் நடந்தது. நான் அவனோடு கொஞ்ச காலம் பேசவில்லை. புது அண்ணி நல்லவள்தான், அவள்மேல் எனக்கு என்ன கோபம்? எனக்கும் கல்யாணமாகி டவுனுக்கு வந்துவிட்டேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு அறையை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டோம். அண்ணன் மாதம் ஒரு தரம் மல்லாட்டையோ கத்திரிக்காயோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான். முதல் அண்ணியின் பேச்சை அவன் எடுத்து நான் கேட்டதில்லை. மறந்துவிட்டான் பாவி என்று நினைத்துக்கொள்வேன்.

அறுபதுகள் முடிகிற சமயம், ஒரு பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர் ஒருவர் எங்கள் அறையில் தங்கினார். முன் நெற்றி ஏறி, காதோரம் நரைத்திருந்தது. பேச ஆரம்பித்ததும் அந்தப் பணிவான குரலை அடையாளம் கண்டுகொண்டேன். அதே டாக்டர். நான் அடி அண்ணாமலைக்காரி என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். இட்லியைப் பாதியில் விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். அண்ணன் அன்றைக்குக் காய் கொண்டுவந்தவன், வாசற்படியில் குந்திக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாங்க ஆரம்பிச்சப்ப ஏதோ ஒரு கிருமிதான் திருடன், அதைப் புடிச்சுட்டா வேலை முடிஞ்சுதுனு நெனச்சோம்மா. தேடத் தேட, நல்லா இருக்கறவங்க வயித்துலயும் கிருமி இருக்கு! யாருக்கு, எந்த எடத்துல, எவ்வளவு ஜாஸ்தியா இருக்குங்கறதுலதான் விஷயம் இருக்கோனு இப்ப யோசிக்கறோம். இன்னும் முழுசா புரியல" என்றார். இன்னொன்றும் சொன்னார். கழிச்சல் கண்டவருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய் வழியாகவே கொடுத்துப் பிழைக்கவைக்க முடியும் என்று இப்போது கண்டுபிடித்துக்கொண்டு வருகிறார்களாம். "தண்ணியை நிறுத்தறதுதான் பெரிய தப்பு" என்றார். நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொம்பு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது என்று சொன்னேன் அல்லவா?

"ஆனா உங்க ஊர்தான் எங்களுக்குப் பெரிய புதிர்" என்று அவர் தொடர்ந்தார். "சுத்துப்பட்டெல்லாம் நோய். உங்க தெருவுல மட்டும் ரொம்பக் கம்மி. ஏன்? குளத்துத் தண்ணிய எடுத்துட்டுப் போய்ப் பாத்தோம். என்ன சாப்பிடறாங்கனு கணக்கெடுத்தோம். எத்தனையோ நாள் மண்டைய ஒடச்சுக்கிட்டோம். ஒண்ணும் கிடைக்கல."

எனக்கு அடக்க முடியவில்லை. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று பொங்கிவந்தது. "புதிரும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மண்டி நெல், டப்பா, அம்மா சொன்னது, அண்ணன் தெருவுக்குப் படியளந்தது, அண்ணி. அண்ணன் வாசற்படியில் இருக்கிறான் என்பதைக்கூட நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

டாக்டர் முதலில் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணி போன இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எதுக்குக் கேக்கறோம்னு உக்காந்து சொல்லியிருக்கணும்மா. டப்பாவக் குடுத்துட்டுப் போயிட்டோம். எங்க தப்பு" என்றார். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை சொல்லாத வார்த்தையை அவர் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், யார்மேலாவது போட்டிருக்கலாம்.

அப்புறம் தனக்குத்தானே பேசுகிற மாதிரிச் சொன்னார். "நல்லா இருக்கறவங்கனு எழுதினதுல உங்க தெருக்காரங்க நிறையப் பேரு. நோயாளிங்கள அவங்களோடதான் ஒப்பிட்டோம். திரும்ப உக்காந்து அத்தனை பேரையும் அந்தக் கணக்குலேருந்து எடுத்துடணும். உங்க அண்ணி பேரையும்."

வாசற்படியில் அண்ணன் எழுந்து நின்றான். தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான்.

"மத்தவங்கள இன்னா வேணா பண்ணிக்கங்க சார்" என்றான். "அவ பேர மட்டும் எடுத்துடாதீங்க. அந்த எடத்துலயாவது அவ நல்லா இருந்துட்டுப் போவட்டும்."

டாக்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த காயைக் கூடையிலிருந்து தரையில் கொட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். காயோடு ஒரு மூட்டை மல்லாட்டையும் இருந்தது. அன்றைக்கு அதை நான் வறுக்கவில்லை.